ரிட்டயர் ஆனவங்க கூட்டமா வந்து குடியேறினா அந்த ஏரியாவுக்கு நல்லதா கெட்டதா?

வயல்வரப்பு:
மக்களே ஒரு டவுட்டு. நான் எம்.ஏ எகனாமிக்ஸ் ரெண்டாவது வருஷம். நேத்து கிளாஸ்ல டிபேட், வேலை பாக்குற வயசுல இருக்கவங்க எல்லாம் சிட்டிக்கு போய்ட்ட கிராமத்துல வெளியூர்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க வந்து செட்டில் ஆனா அந்த ஊர் பொழைக்குமா பொழைக்காதானு. நான் பொழைக்கும்னு பேசினேன். காலி வீட்டுக்கு ஆள் வருது, மாசம் பொறந்தா பென்ஷன் வருது, அவங்களுக்கு வேலை குடுக்க ஃபேக்டரி கட்ட வேணாம், புகை இல்ல கழிவு இல்ல, இதுல என்னங்க நஷ்டம்னு நல்லாதான் பேசிட்டு இருந்தேன். எதிர் டீம்ல ஒரு பொண்ணு எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டா, "அந்த பென்ஷன் யார் பாக்கெட்டுக்கு போகுது, அவங்க படுக்கைல விழுந்தா யார் பாக்கெட்ல இருந்து எடுப்பீங்க"னு. எனக்கு வார்த்தையே வரல. மார்க் போச்சு அது பரவால்ல, ஆனா ராத்திரி பூரா அதே மண்டைல ஓடிட்டு இருக்கு. இதைப் பத்தி தெரிஞ்சவங்க இல்ல நேர்ல பாத்தவங்க யாராவது சொல்லுங்களேன். எந்த நாடா இருந்தாலும் பரவால்ல.

கணக்குப்புள்ள:
தம்பி நீ சொன்னதும் தப்பில்ல அந்த பொண்ணு கேட்டதும் சரிதான். ரெண்டு பேரும் வேற வேற வருஷத்தைப் பத்தி பேசிருக்கீங்க, அவ்ளோதான்.

முதல்ல உன் பக்கம். ஒரு ஊருக்கு வெளில இருந்து காசு வரணும்னா எதையாவது வெளில விக்கணும், விளைச்சலோ மரமோ கல்லோ இல்ல டூரிஸ்டுக்கு ரூமோ. பென்ஷன்ல எதையும் விக்கவே வேணாம், ஆள் வந்து உக்காந்தாலே போதும், காசு அவர் பின்னாடியே வந்துரும். ஏற்றுமதி பண்ணின மாதிரியே எஃபெக்ட்டு. அதுவும் விளைச்சல் பொய்ச்சாலும் வரும், ஆஃப் சீசன்லயும் வரும். அமெரிக்க விவசாயத் துறை கவுன்டிகளை (நம்ம மாவட்டம் மாதிரி) தரம் பிரிக்கும்போது சுரங்கத்தை நம்பி இருக்கிறது, விவசாயத்தை நம்பி இருக்கிறதுனு பிரிக்கிற மாதிரி ரிட்டயர் ஆனவங்க தேடி வர்ற கவுன்டினு ஒரு வகையே தனியா வெச்சிருக்கு. வெளில இருந்து வந்து குடியேறினதால மட்டும் 60 வயசு தாண்டினவங்க எண்ணிக்கை பத்து வருஷத்துல 15 சதவீதமோ அதுக்கு மேலயோ ஏறிருக்கணும், அதான் ரூலு. அந்த வகைல உச்சம்னா ஃப்ளோரிடால தி வில்லேஜஸ். பேருதான் கிராமம், பழைய மாட்டுப் பண்ணை நிலத்துல எழும்பின டவுனு. 2010ல இருந்து 2020க்குள்ள அமெரிக்காலயே ஜனத்தொகை வேகமா வளந்த மெட்ரோ ஏரியா (நகரமும் சுத்துவட்டாரமும்) அதுதான், 39 சதவீதம். அதனால இது ஏதோ சில்லறை மேட்டர்னு நெனைக்காத.

இப்போ அந்த பொண்ணு கேட்ட பாக்கெட் மேட்டருக்கு வர்றேன். ஒருத்தரோட பென்ஷன் 100னு வெச்சுக்க. அதுல 40 உள்ளூர்லயே செலவாகுது, அதை வாங்கினவனும் அவன் சம்பாத்தியத்துல நூத்துக்கு 40 உள்ளூர்லயே செலவு பண்றான், அடுத்தவனும் அப்படியேனு வெச்சா 40, 16, 6.4னு போய் மொத்தம் கிட்டத்தட்ட 67 உள்ளூருக்குள்ள சுத்தும், இதைத்தான் மல்டிப்ளையர்னு சொல்வாங்க. அதே ஆள் காரை எடுத்துட்டு டவுன் சூப்பர் மார்க்கெட்டுக்கு போறார், மிச்சத்தை ஆன்லைன்ல வாங்கறார், ரிப்பேருக்கும் வெளில இருந்தே ஆள் கூப்பிடறார், உள்ளூர்ல 20தான் விழுதுன்னா? அவங்கவங்களும் அதே மாதிரி 20தான் உள்ள விடறாங்கன்னா மொத்தமே 25. பாதியா கொறைச்சா பலன் பாதிதானே கொறையணும்னு தோணும். ஆனா ஒவ்வொரு கைலயும் ஒழுகுறதால அதை விட கீழ போய்டுது. சின்ன ஊர்ல வாங்கறதுக்குனு பெருசா ஒண்ணும் இருக்காது, அதான் சிக்கலே. கடை இல்லாத ஊருக்கு பணக்காரன் வந்தாலும் காசு அந்த வழியா போற பஸ் மாதிரிதான், நிக்காது.

இதுல நிஜமா லாபம் பாக்கறது யார்னா நிலம் வெச்சிருந்தவன், வீடு கட்டிக் குடுக்கிறவன், புரோக்கர். ஒரு தடவை வித்தா முடிஞ்சுது. வாடகைக்கு இருக்கவனுக்கு விலை ஏறினது வெறும் செலவுதான். பட்டணத்துல வீட்டை வித்துட்டு கைல மொத்தப் பணத்தோட வர்றவரோட கூலி வேலை பாக்குற பையன் எப்படி போட்டி போடுவான், சொல்லு. ஊரை விட்டு போன பசங்க திரும்பி வரலாம்னு நெனைச்சாலும் அவங்க ரேஞ்சுக்கு வீடு இருக்காது.

செலவு எப்போ வரும்கிறது அடுத்த கதை. இப்போ ஆபீஸ் கிளம்பணும், சாயந்திரம் வந்து எழுதறேன்.

எதிர்க்கட்சி:
கணக்கு அண்ணன் ஓட்டு மேட்டரை விட்டுட்டார். புதுசா வந்தவங்க வெறும் நுகர்வோர் இல்ல, வாக்காளரும் கூட. டைம் இருக்கு, மீட்டிங் வருவாங்க, மனு எழுதத் தெரியும். அரிசோனால சன் சிட்டினு ஒண்ணு, டெல் வெப்ங்கிற பில்டர் ரிட்டயர் ஆனவங்களுக்குனே கட்டி 1960 ஜனவரி 1 அன்னிக்கு திறந்தது. அங்க ஸ்கூல் போற பசங்களே கிடையாது, ஆனா பக்கத்து ஊர் பியோரியாவோட ஒரே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல (வரி வசூலிச்சு அந்த வட்டாரப் பள்ளிகளை நடத்தற அமைப்பு) இருந்துச்சு. பியோரியால பிள்ளைங்க ஏறிட்டே போகுது, புதுசா பள்ளிக்கூடம் கட்ட பாண்ட் போடலாமானு, அதாவது கடன் வாங்கி வரில அடைக்கலாமானு ஓட்டெடுப்பு வெச்சா சன் சிட்டி ஓட்டுல திரும்பத் திரும்ப தோத்துச்சு. கடைசில 1970கள்ல சன் சிட்டியையே டிஸ்ட்ரிக்ட்ல இருந்து கழட்டி விட்டாங்க. நம்ம பேரப்பிள்ளை இங்க படிக்கல, நாம ஏன் வரி கட்டணும். அவ்ளோதான் லாஜிக்கு.

வேப்பநிழல்:
வணக்கம். நான் ரிட்டயர் ஆகி கிராமத்துக்கு குடி போனவன், இப்போ 74 நடக்குது. இங்க நீங்கெல்லாம் எங்களை ஏதோ வெட்டுக்கிளி கூட்டம் மாதிரி பேசறதைப் பாத்தா சிரிப்பும் வருது கொஞ்சம் கோவமும் வருது.

தம்பி எதிர்க்கட்சி, பள்ளிக்கூடத்துக்கு எதிரா ஓட்டு போடறதுக்கும் வயசுக்கும் சம்பந்தம் இல்லப்பா. அமெரிக்காலயே இதை ஆராய்ச்சி பண்ணி, அந்த ஊர்லயே இருந்து வயசானவங்க ஸ்கூல் செலவுக்கு ஆதரவாதான் இருக்காங்க, புதுசா வந்து இறங்கின பெரியவங்க நெறைய இருக்க இடத்துலதான் சிக்கல்னு கண்டுபுடிச்சிருக்காங்க. ஊரோட ஒட்டுதல் இருக்கா இல்லையாங்கறதுதான் விஷயம். நான் போன ஊர்ல லைப்ரரி மூடற நிலைமைல இருந்துச்சு, நாங்க ரிட்டயர் ஆன நாலு பேர் முறை வெச்சு உக்காந்துதான் அதை ஏழு வருஷம் திறந்து வெச்சோம். ஊர் சங்கத்தோட வரவு செலவு நோட்டை நான்தான் எழுதினேன், அதுக்கு முன்னாடி அது யார் கைல இருக்குனே யாருக்கும் தெரியாது. பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு சாயந்திரம் கணக்கு சொல்லிக் குடுத்தேன். இதெல்லாம் எந்த மல்டிப்ளையர்ல வரும்னு கணக்குப்புள்ள சார் சொல்லட்டும்.

ஆனா ஒண்ணு, பொய் சொல்லக் கூடாது. ஒன்பதாவது வருஷம் வீட்டுக்காரம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம், அங்கிருந்து எலும்பு டாக்டர் இருக்க ஆஸ்பத்திரிக்கு எழுபது நிமிஷம். அந்த எழுபது நிமிஷமும் அவ என் விரலைப் புடிச்சுட்டே வந்தா, ஒவ்வொரு குழிக்கும் பிடி இறுகும், வழில எத்தனை குழினு நான் அன்னிக்குதான் எண்ணினேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அப்புறம் பிசியோவுக்கு வாரம் மூணு தடவை போகணும், எனக்கு ராத்திரி வண்டி ஓட்ட கண்ணு சரியில்ல, பஸ்ஸு ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு. எட்டு மாசம் இழுத்துப் பாத்துட்டு மகள் வீட்டுப் பக்கம் வந்துட்டோம்.

கணக்குப்புள்ள:
வேப்பநிழல் சார், மன்னிக்கணும், உங்களை மாதிரி ஆளுங்களைப் பாரம்னு நான் சொல்ல வரல. லைப்ரரி கணக்கு எந்த ஃபார்முலாலயும் வராதுதான், ஒத்துக்கறேன். அம்மா இப்போ நல்லா இருக்காங்கன்னு நம்பறேன்.

உங்க வாழ்க்கைல நடந்ததையே 1987ல லிட்வாக், லாஞ்சினோனு ரெண்டு சமூகவியல் ஆளுங்க எழுதி வெச்சிருக்காங்க. வயசானவங்க இடம் மாறுறதுல மூணு கட்டம். முதல் கட்டம் ரிட்டயர் ஆன உடனே, உடம்பு தெம்பா இருக்கு, கைல காசு இருக்கு, காத்தும் மரமும் தேடிப் போறது. ரெண்டாவது, தனியா சமாளிக்க முடியாம போறப்போ, அதுவும் துணை போய்ட்டா, பிள்ளைங்க பக்கம் நகர்றது. மூணாவது கட்டம் முழு நேரமும் பாத்துக்கிற இடத்துக்கு. எல்லாரும் மூணும் போறதில்ல. ஆனா கிராமத்துக்கு வர்றது பெரும்பாலும் முதல் கட்டத்து ஆளு, அதனாலதான் மொத பத்து வருஷம் ஊருக்கு வரவு மட்டும் கண்ணுல படும். அதே ஆளுங்க மொத்தமா ஒரே அலையா வந்திருந்தா மொத்தமா ஒரே சமயத்துல 80ஐத் தொடுவாங்க. ரெண்டாவது கட்டத்துல கிளம்பிப் போறவங்க பரவால்ல, போறதுக்கு பிள்ளை இல்லாதவங்க, காசு இல்லாதவங்க, வீடு விக்க முடியாதவங்க அங்கேயே மாட்டிக்குவாங்க. தெம்பா இருக்கவங்க போய்ட்டு முடியாதவங்க மட்டும் நிக்கிற ஊருக்கு வரவும் கொறையும் செலவும் ஏறும்.

வயல்வரப்பு, அந்த பொண்ணு கேட்டது இந்த இடத்தைத்தான். வரவு வந்தது நிலம் வித்தவனுக்கு. செலவு வர்றது பதினஞ்சு வருஷம் கழிச்சு பஞ்சாயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும், அப்போ நிலம் வித்தவன் ஊர்லயே இருக்க மாட்டான்.

சின்னத்தாய்:
நான் ஹோம் கேர்ல வேலை பாக்குறேன், வீடு வீடாப் போய் முடியாதவங்களைப் பாத்துக்கற வேலை. எந்த ஊர்னு சொல்லல, ரிட்டயர் ஆனவங்க தேடி வந்து செட்டில் ஆகிற அழகான ஏரியானு வெச்சுக்கோங்க.

என் காலை எப்படி இருக்கும்னு சொல்றேன். ஆறே காலுக்கு முதல் வீடு, 86 வயசு அய்யா, எழுப்பி கழுவி டிரஸ் மாத்தி மாத்திரை குடுத்து உக்கார வைக்க முப்பது நிமிஷம்னு ஷீட்ல போட்டிருப்பாங்க, உண்மைல நாப்பத்தஞ்சு ஆகும் ஏன்னா அவருக்கு நான்தான் அன்னிக்கு பேசப் போற முதல் ஆள், சட்டை பட்டன் போடும்போது ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கதை. அடுத்த வீடு மலைக்கு அந்தப் பக்கம், வண்டில இருபத்தஞ்சு நிமிஷம். அந்த இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு எனக்கு சம்பளம் கிடையாது, ஏஜென்சி வீட்டுக்குள்ள இருக்க நேரத்துக்குதான் குடுக்கும். டவுன்ல இதே வேலைன்னா ஒரு தெருவுலயே நாலு வீடு முடிச்சுரலாம். இங்க மத்தியானத்துக்குள்ள நாலு வீடு பாத்தாலே பெருசு, வண்டி எண்ணெய் என் காசு.

நான் அந்த ஊர்லயே குடி இருந்தா பாதி கஷ்டம் போய்டும், ஆனா அங்க வாடகைக்கு வீடே கிடையாது. இருக்க வீடெல்லாம் ரிட்டயர் ஆனவங்க வாங்கினது, இல்லன்னா லீவுக்கு வந்து போறவங்களுது. என்னோட சேந்தவங்க ஆறு பேர்ல மூணு பேர் வேலையை விட்டாச்சு. அந்தப் பெரியவங்களுக்கு கவனிக்க ஆள் வேணும், அந்த ஆள் இருக்கறதுக்கு அவங்க ஊர்ல இடம் இல்ல. இதை நான் ஒரு வீட்டு அம்மாகிட்ட சொன்னேன், பாவம் அவங்க ரொம்ப நல்லவங்க, "ஆமாம்மா, நாங்க வாங்கறதுக்கு முன்னாடி இந்த வீட்டுல யார் இருந்தாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல"ன்னாங்க.

இங்கிலாந்துல தலைமை மருத்துவ அதிகாரியா இருக்க கிறிஸ் விட்டி 2021ல கடலோர ஊர்களைப் பத்தி ஒரு ரிப்போர்ட் குடுத்தார், அங்கயும் வயசானவங்க கடல் பக்கம் போய் செட்டில் ஆகறது வழக்கம். வியாதி அதிகமா இருக்க அந்த இடத்துலதான் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்ங்க நோயாளிக் கணக்குக்கு 15 சதவீதம் கம்மி, நர்ஸ் 7.4 சதவீதம் கம்மி. படிச்சப்போ எனக்கு ஒண்ணும் ஆச்சரியமா இல்ல.

வயல்வரப்பு:
அக்கா உங்க பதில் படிச்சு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன். வேப்பநிழல் அய்யா, ரொம்ப நன்றி. இப்போ என் கேள்வி மாறுது. வர்றவங்களை வராதேனு சொல்ல முடியாது, அப்போ அந்த செலவு ஊர் தலைல விழாம இருக்க யாராவது எங்கயாவது எதாவது பண்ணிருக்காங்களா?

கணக்குப்புள்ள:
பண்ணிருக்காங்க. நான் பாத்த வரைக்கும் உருப்படியா யோசிச்சது ஜப்பான்தான். அங்க 2000ல இருந்து முதியோர் பராமரிப்பு இன்ஷூரன்ஸ் இருக்கு, அதை நடத்தறது ஒவ்வொரு நகராட்சியும். ஒருத்தர் வேற ஊர் முதியோர் இல்லத்துக்கு மாறிப் போனாலும் பழைய ஊர் நகராட்சியே தொடர்ந்து அவரோட செலவை ஏத்துக்கணும்னு ஒரு விதிவிலக்கு வெச்சாங்க. ஏன்னா இல்லாட்டி முதியோர் இல்லம் கட்ட எந்த ஊருமே இடம் குடுக்காது, கட்டினா பக்கத்து ஊர் பெரியவங்க செலவெல்லாம் நம்ம மேல வந்துரும்னு பயம். ஆனா இது இல்லத்துக்குப் போறவங்களுக்குதான், ரிட்டயர் ஆன உடனே சொந்தமா வீடு வாங்கிட்டு வர்றவங்களுக்கு இல்ல.

ஐரோப்பால எஸ்1னு ஒரு ஃபார்ம் இருக்கு, ஒரு நாட்டு பென்ஷன்காரர் இன்னொரு நாட்டுல குடியேறினா வைத்தியச் செலவை பென்ஷன் குடுக்கற நாடே கட்டும். நல்ல ஏற்பாடு. ஆனா ஸ்பெயின்ல வேற ஒரு ஓட்டை இருந்துச்சு. அங்க ஊராட்சிக்கு மத்திய அரசு குடுக்கற பணம் பதிவேட்டுல எத்தனை பேர் இருக்காங்கறதைப் பொறுத்தது. கடலோரத்துல வீடு வாங்கின வெளிநாட்டு பெரியவங்க நெறைய பேர் பதியவே இல்ல, வரி ஆபீஸ் கண்ணுல பட வேணாம்னு சிலர், சோம்பேறித்தனத்துல சிலர். விளைவு, குப்பை அள்றது தண்ணி விடறது எல்லாம் நிஜமா இருக்க தலைக்கு, பணம் வர்றது பதிஞ்ச தலைக்கு. அலிகான்டே பக்கத்து ஊராட்சிகள் தயவு செஞ்சு பதியுங்கனு இங்கிலீஷ்ல விளம்பரம் போட்டு கெஞ்சினாங்க.

இன்னொரு பக்கம் நாடுகளே போட்டி போட்டு கூப்பிடுது. இத்தாலி 2019ல தெற்குப் பக்கம் 20,000 பேருக்கு உள்ள இருக்க ஊர்ல வந்து குடியேறற வெளிநாட்டு பென்ஷன்காரருக்கு 7 சதவீதம் வரி போதும்னுச்சு, அடுத்த வருஷம் கிரீஸும் அதே 7. போர்ச்சுகல் இதையெல்லாம் 2009லயே ஆரம்பிச்சது, வெளிநாட்டு பென்ஷனுக்கு வரியே இல்லாம இருந்துச்சு. பென்ஷன் குடுக்கற நாட்டுக்காரன் சும்மா இருப்பானா, ஃபின்லாந்து போர்ச்சுகலோட இருந்த வரி ஒப்பந்தத்தையே 2019ல இருந்து முறிச்சுகிச்சு, 2022ல ஸ்வீடனும். போர்ச்சுகல் 2020ல 10 சதவீதம் வெச்சுப் பாத்தாங்க, 2024ல இருந்து புதுசா யாரையும் அந்தத் திட்டத்துல சேக்கறதில்ல. உள்ளூர்ல வீடு விலை ஏறி ஜனங்க கத்தினதுதான் முக்கியக் காரணம்.

என்னைக் கேட்டா வரிச் சலுகை குடுத்து கூப்பிடறது மட்டும் செய்யக் கூடாது. ஊர் செலவுல ஒரு பங்கு வர்றவங்க கட்டற வரில இருந்துதான் வரணும், அதையே விட்டுக் குடுத்துட்டா அப்புறம் எதை வெச்சு ரோடு போடுவ. சின்னத்தாய் மாதிரி ஆளுங்களுக்கு நாலு வாடகை வீடு முதல்ல, அதுக்கப்புறம் அந்த அழகான பெரிய வீடுங்களுக்கு அப்ரூவல். இந்த ஆர்டர் மாறினா எவ்ளோ பென்ஷன் வந்தாலும் வேலைக்காகாது.

எதிர்க்கட்சி:
நாலு வாடகை வீடு கட்டலாம்னு ஊர்க் கூட்டத்துல தீர்மானம் வரும்போது வியூ மறையுதுனு எதிர்ப்பு தெரிவிக்கிறது யாருனு நெனைக்கறீங்க 😀

சின்னத்தாய்:
அது உண்மைதான். எங்க ஏரியாலயே நடந்துச்சு. மனு குடுத்தவங்கள்ல ரெண்டு பேரை நான்தான் தினம் குளிப்பாட்டி விடறேன்.

வேப்பநிழல்:
கணக்குப்புள்ள சார், அம்மா நல்லா இருக்காங்க, வாக்கர் வெச்சு நடக்கறாங்க, கேட்டதுக்கு நன்றி.

சின்னத்தாய்க்கு ஒண்ணு சொல்லணும்மா. எங்க கிராமத்து வீட்டை போன வருஷம்தான் வித்தோம். எங்ககிட்ட கணக்கு படிச்ச பையன் ஒருத்தன், இப்போ கல்யாணம் ஆகி கைக்குழந்தை இருக்கு, கேட்டான். அவனால முடிஞ்சது நாங்க சொன்ன விலைல பாதி கூட இல்ல. எங்களுக்கும் ஆஸ்பத்திரி கடன் இருந்துச்சு. கடைசில வாங்கினது சிட்டில இருந்து வந்த ஒரு தம்பதி, அவருக்கு 61, போன மார்ச்லதான் ரிட்டயர் ஆனவர். சாவி குடுக்கும்போது நெட் ஸ்பீடு எப்படினு கேட்டார், தோட்டத்துக்கு தண்ணி பத்துமானு கேட்டார், பக்கத்து வீட்டு நாய் கடிக்குமானு கேட்டார். ஆஸ்பத்திரி எவ்ளோ தூரம்னு கேக்கவே இல்ல. நானும் வாங்கினப்போ கேக்கலை.